பாதி பழசு, பாதி புதுசு: ‘சைலண்ட் நைட், டெட்லி நைட் 2’ எதற்காகப் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: “‘சைலண்ட் நைட், டெட்லி நைட்’ இரண்டாம் பாகம் பார்த்தேன். பாதி படம் முதல் பாகத்தின் காட்சிகளாகவே ஓடுகிறது. இது ஏமாற்று வேலை இல்லையா? அந்தத் தொடரில் இதற்கு ஏதாவது இடம் உண்டா, அல்லது இதை விட்டுவிட்டு நேராக மூன்றாம் பாகத்துக்குப் போய்விடலாமா?”

ஏமாற்று வேலைதான். காசு கொடுத்து உட்கார்ந்தவனுக்கு நேற்று வைத்த குழம்பைச் சுடவைத்து ஊற்றியிருக்கிறார்கள். ஆனாலும் இந்தப் படத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஐந்து பாகங்கள் உள்ள அந்த அமெரிக்கத் திகில் படத் தொடரில் இன்றைக்கும் ஜனங்கள் வாய்விட்டுப் பேசுவது இந்த இரண்டாம் பாகத்தைப் பற்றித்தான். மற்றவை நல்ல படமோ கெட்ட படமோ, பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்தவை. இதை, பார்க்காதவர்களுக்கும் தெரியும். அது எப்படி நடந்தது என்பது கொஞ்சம் நீளமான கதை.

1984-இலிருந்து தொடங்க வேண்டும். அந்த வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவில் முதல் பாகம் வெளியானது. இயக்குநர் சார்லஸ் ஈ. செல்லியர் ஜூனியர். கதை இதுதான்: 1971 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, சான்டா வேஷம் போட்ட ஒரு திருடன் நடுரோட்டில் ஒரு தம்பதியைக் கொல்கிறான். மூத்த பையன் பில்லி ஒளிந்திருந்து பார்க்கிறான். தம்பி ரிக்கி கைக்குழந்தை. இருவரும் கன்னியாஸ்திரிகள் நடத்தும் அநாதை இல்லத்தில் வளர்கிறார்கள். அங்கே தலைமைக் கன்னியாஸ்திரியான மதர் சுப்பீரியருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பெல்ட் அடி. பில்லி வளர்ந்து பொம்மைக்கடையில் வேலைக்குச் சேர்கிறான். கிறிஸ்துமஸ் சமயத்தில் முதலாளி அவனுக்கே சான்டா உடுப்பை மாட்டிவிடுகிறார். அதற்கப்புறம் கோடாலிதான்.

கதையை விட விளம்பரம்தான் வம்பை இழுத்தது. கோடாலியோடு புகைபோக்கிக்குள் இறங்கும் சான்டாவைப் போஸ்டரில் போட்டார்கள். டிவி விளம்பரத்திலும் கோடாலிக்கார சான்டாதான். பிள்ளைகள் டிவி பார்க்கிற நேரத்தில் அது ஓட, பெற்றோர் கொதித்துப் போனார்கள். மில்வாக்கியில் தாய்மார்கள் கூடிப் போராட்டம். நியூயார்க்கின் பிராங்ஸில் ஒரு தியேட்டர் வாசலில் நின்று கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சிஸ்கெல், ஈபர்ட் என்ற இரண்டு விமர்சகர்களில் சிஸ்கெல் தங்கள் டிவி நிகழ்ச்சியில் படத்தை எடுத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து வெட்கப்படச் சொன்னார். சான்டாவைக் கொலைகாரனாகக் காட்டிய முதல் படம் ஒன்றும் இல்லை இது. அதற்கு முன்பே சில வந்து போயின, யாரும் கண்டுகொள்ளவில்லை. வீட்டு டிவியில் போய்க் காட்டியதுதான் தப்பாகிவிட்டது.

வெளியிட்டது டிரைஸ்டார். கொலம்பியா, சிபிஎஸ், எச்பிஓ மூன்றும் சேர்ந்து ஆரம்பித்து இரண்டே வருஷம் ஆகியிருந்த புதுக் கம்பெனி. கொலம்பியாவின் சொந்தக்காரர் அப்போது கொக்கோ கோலா. குடும்பம் குடும்பமாகச் சோடா விற்கிறவர்களுக்கு ரத்தக் கோடாலி சான்டா எப்படி ஒத்துவரும்? முதலில் விளம்பரத்தை நிறுத்தினார்கள். அப்புறம் படத்தையே தியேட்டர்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். மொத்த வசூல் சுமார் 25 லட்சம் டாலரோடு நின்றது.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும் ஒரு விஷயம் உண்டு. அதே நவம்பர் 9-ஆம் தேதிதான் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ என்ற திகில் படமும் வெளியானது. முதல் வாரக்கடைசியில் நம்ம சான்டா சுமார் 400 தியேட்டர்களில் 14 லட்சம் டாலர் வசூலித்தார். அந்தப் படத்துக் கொலைகாரன் ஃப்ரெடி க்ரூகர் 165 தியேட்டர்களில் அதைவிடச் சற்றுக் குறைவு. ஒரு வாரம் ஜெயித்தவர் சான்டாதான். ஃப்ரெடியை வைத்து நியூ லைன் என்ற சின்னக் கம்பெனி பெரிய ஸ்டுடியோவாக வளர்ந்தது. சான்டாவோ ஆட்டத்தை விட்டே விரட்டப்பட்டார். அடுத்த வருஷம் வேறொரு சின்ன விநியோகஸ்தர் ‘தடை செய்யப்பட்ட படம்’ என்ற பாணியில் கூவி மறுபடி வெளியிட்டுப் பார்த்தார், பெரிதாக எடுபடவில்லை.

இப்போது தயாரிப்பாளர் பக்கம் நின்று பாருங்கள். கையில் ஒரு தலைப்பு இருக்கிறது. அமெரிக்காவில் நிறையப் பேருக்கு அந்தப் பெயர் தெரியும், ஏனென்றால் செய்தியில் திட்டினார்கள். ஆனால் படம் தியேட்டரில் ஒழுங்காக ஓடாததால் பார்த்தவர்கள் குறைவு. பெயர் பிரபலம், சரக்கு புதுசு மாதிரி. எக்ஸ்ப்ளாய்டேஷன் சினிமா என்று சொல்கிறோமே, அதில் இதைவிட நல்ல முதலீடு வேறென்ன வேண்டும்? அந்த வகைப் படங்களின் கணக்கு எப்போதுமே தலைகீழாகத்தான் ஓடும். முதலில் தலைப்பு, அடுத்து போஸ்டர், அதற்குப் பிறகுதான் கதை. அதிர்ச்சியே விலைபொருள். வீடியோ கேசட் காலம் அது. வாடகைக் கடைகளுக்கு ஒரு கேசட்டை 70, 80 டாலர் என்று விற்றார்கள். சில ஆயிரம் கடைகள் ஆளுக்கொன்று வாங்கினாலே சின்ன பட்ஜெட் படத்துக்குப் போட்ட காசு வந்துவிடும். கடைக்காரருக்கோ அலமாரியில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் பக்கத்தில் ‘2’ என்று இன்னொன்றை வைப்பது சுலபம்.

ஆகவே லாரன்ஸ் ஆப்பல்பாம் என்ற தயாரிப்பாளர் லீ ஹாரியைக் கூப்பிட்டார். ஹாரி அடிப்படையில் ஒரு எடிட்டர். அவரிடம் கேட்டது புதுப் படம் எடுக்கச் சொல்லி அல்ல. முதல் பாகத்தின் காட்சிகளை வெட்டி ஒட்டி, மேலே கொஞ்சம் தூவி, புதுசு மாதிரி ஒன்றைத் தரச் சொன்னார்கள். ஹாரிதான் மன்றாடி, கொஞ்சமாவது புதுசாக எடுக்கலாம் என்று சம்மதிக்க வைத்தார். கிடைத்தது சுமார் 2,50,000 டாலர், பத்து நாள் படப்பிடிப்பு. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் வேறு மாதிரி தெரியும். பாதிப் படம் பழசு என்று நாம் திட்டுகிறோம். முதலாளி கேட்டது கிட்டத்தட்ட முழுப் படமும் பழசாகவே இருக்க வேண்டும் என்று. பாதியைப் புதுசாக்கியது அந்த மனுஷன் போராடி வாங்கியது.

நானும் எடிட்டிங் மேசையில் பிழைத்தவன், பெரும்பாலும் கல்யாண வீடியோ. ஒரு முறை தாலி கட்டும் நேரத்தில் கேமரா பேட்டரி போய்விட்டது. கெட்டிமேளச் சத்தம் மட்டும் மைக்கில் இருந்தது, படம் இல்லை. முதல் நாள் நிச்சயதார்த்தத்தில் எடுத்த மாமியார் கண் துடைக்கும் ஷாட், நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பும் ஷாட், யாரோ அட்சதை போடும் கை, எல்லாவற்றையும் கோர்த்து நாற்பது விநாடி தேற்றினேன். மாப்பிள்ளை வீட்டார் பார்த்து அழுதார்கள். நிச்சயதார்த்தப் புடவை வேறு நிறம் என்பதைக் கவனித்தது மணப்பெண்ணின் தங்கை மட்டும்தான். அதனால் லீ ஹாரி மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை.

படம் எப்படித் தொடங்குகிறது? மனநலக் காப்பகத்தில் ஒரு அறை. ஒரு மேஜை, ஒரு டேப் ரிக்கார்டர், ஒரு டாக்டர். எதிரே வளர்ந்த ரிக்கியாக எரிக் ஃப்ரீமன். டாக்டர் கேட்கிறார், ரிக்கி சொல்கிறான், முதல் படம் ஓடுகிறது. 88 நிமிஷப் படத்தில் சுமார் முதல் 40 நிமிஷம் இப்படித்தான் போகிறது. ஒரே ஒரு அறை இருந்தால் போதும், எத்தனை பழைய ரீலையும் அதற்குள் அடைத்துவிடலாம். ஹாரி அந்த அறையை வெறும் சாக்காக விட்டுவிடவில்லை என்பது கவனிக்க வேண்டியது. ஃப்ளாஷ்பேக்கிலிருந்து திரும்பும்போதெல்லாம் டாக்டரை ரிக்கி எப்படி ஆட்டிவைக்கிறான் என்பது ஒரு படி ஏறியிருக்கும். கடைசியில் அந்த டேப் ரிக்கார்டரின் நாடாவையே எடுத்து டாக்டர் கழுத்தை இறுக்குகிறான். கதை சொல்ல உதவிய கருவியே கொலைக்கருவி. எடிட்டருக்குத்தான் இப்படித் தோன்றும்.

ஓட்டைகள் இல்லாமலா? ஏராளம். அப்பா அம்மா கொல்லப்பட்டபோது ரிக்கி தாய்ப்பால் குடிக்கிற குழந்தை. ஆனால் வசனத்தோடு நினைவு வைத்திருக்கிறான். தாத்தா தான் இருந்த காப்பகத்தில் பில்லியிடம் தனியாகப் பேசிய காட்சி, பொம்மைக்கடையில் பில்லி செய்த கொலைகள், எதற்கும் ரிக்கி பக்கத்தில் இல்லை. எல்லாவற்றையும் பார்த்த மாதிரி விவரிக்கிறான். மதர் சுப்பீரியர் விஷயம் இன்னும் அழகு. பழைய காட்சிகளில் லிலியன் ஷோவன் என்ற நடிகை. புதுக் காட்சிகளுக்கு அவர் இல்லை, ஜீன் மில்லர் வருகிறார். முகம் மாறிவிட்டதே, என்ன செய்வது? பக்கவாதம் வந்துவிட்டது என்று ஒரு காரணம், முகத்தின் மேல் ஒரு கனமான மேக்கப். ஒரே படத்துக்குள் ஒரே பாத்திரத்துக்கு இரண்டு முகம். பட்ஜெட் எவ்வளவு என்று தனியாகக் கேட்கவே வேண்டாம், அந்த மேக்கப்பே சொல்லிவிடும்.

இன்னொன்றும் கண்ணில் படும். பழைய பாதி யூட்டாவில் எடுத்தது, பனி கொட்டிக் கிடக்கும். புதுப் பாதி கலிஃபோர்னியா வெயில், பச்சைப் புல்தரை, ஸ்வெட்டர் போட்ட ரிக்கி. ஒரே ஊர்க் கதை என்று நம்பச் சொல்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சமாதானம் இல்லை. முதல் படத்திலேயே மிக அருவருப்பான காட்சி, அந்தத் தாயின் மேல் நடக்கும் வன்முறை. அதையும் எடுத்து மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். கதைக்கு ஒரு வரி போதும். நிமிஷக் கணக்கை நிரப்புவதற்காக ஒரு பெண்ணின் வேதனையை இரண்டாம் தடவை விற்பது, இந்த வகைச் சினிமாவின் அசல் முகம். இதைச் சிரித்துக் கடக்க என்னால் முடியவில்லை, நீங்களும் கடக்க வேண்டியதில்லை.

பழைய காட்சிகளை வைத்துப் படம் தேற்றியது இவர்கள் மட்டுமில்லை. 1983-இல் ‘பூகிமேன் 2’ இதே வேலையைச் செய்தது. ஜப்பானில் 1980-இல் ‘கமேரா’ என்ற ராட்சத ஆமையின் படம் ஒன்று பழைய சண்டைகளையே கோர்த்து வந்தது. வெஸ் கிரேவன் எடுத்த ‘தி ஹில்ஸ் ஹேவ் ஐஸ்’ இரண்டாம் பாகத்தில் கதாபாத்திரங்களுக்கு ஃப்ளாஷ்பேக் போதாமல் நாய்க்கும் ஒரு ஃப்ளாஷ்பேக் வைத்தார்கள். விளையாட்டில்லை, நாய் படுத்துக்கொண்டு பழைய படத்தை நினைத்துப் பார்க்கும். அதோடு ஒப்பிட்டால் டேப் ரிக்கார்டர் அறை எவ்வளவோ மேல்.

இனி புதுப் பாதி. இதற்காகத்தான் படத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

ரிக்கியை ஒரு யூதக் குடும்பம் தத்தெடுக்கிறது. கிறிஸ்துமஸ் கொண்டாட்டமே இல்லாத வீடு, ஆகவே பிரச்சினை இல்லை என்று தோன்றும். திரைக்கதையில் யோசித்து வைத்த ஓரிரு இடங்களில் இது ஒன்று. ஆனால் சிவப்பு நிறம் பார்த்தால் பையனுக்கு உள்ளே ஏதோ ஆகிறது. சாலையில் கன்னியாஸ்திரிகள், கண்முன்னே ஒரு சிவப்புத் துணி, அவ்வளவுதான், உறைந்து நிற்கிறான். வளர்ந்ததும் ஒரு பெண்ணைப் பலவந்தப்படுத்த முயல்பவனை அவனுடைய சிவப்பு ஜீப்பாலேயே ஏற்றிக் கொல்கிறான். அந்தப் பெண் நன்றி சொல்கிறாள். படம் அங்கே ஒரு நிமிஷம் நம்மையும் அவன் பக்கம் நிற்க வைக்கிறது.

அடுத்து, சந்தில் கடன் வசூலுக்கு வந்த ஒரு அடியாள். சட்டைப் பையில் சிவப்புக் கைக்குட்டை. ரிக்கியின் கையில் கிடைத்தது குடை. குத்துகிறான். அதோடு விட்டிருந்தால் சாதாரணக் கொலை. குடை முதுகுப்பக்கம் வெளியே வந்தபிறகு, விரிகிறது. மழை பெய்கிறது. விரிந்த குடையின் மேல் மழைத்துளி விழும் ஒரு ஷாட். 2,50,000 டாலர் படத்தில் அந்தக் குடை ஷாட்டுக்கு ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், கம்பியை எப்படிப் பொருத்துவது, எப்போது விரிப்பது என்று. முதல் பாகத்தில் மான் கொம்பில் குத்தி நிறுத்தும் கொலைதான் பேசப்பட்டது. என்னைக் கேட்டால் குடைதான் உசத்தி.

அவனுக்கு ஒரு காதலி, ஜெனிஃபர். எலிசபெத் கேய்டன் நடித்தது. இருவரும் சினிமாவுக்குப் போகிறார்கள். என்ன படம் என்று கேட்கிறான். சான்டா வேஷம் போட்டு ஆட்களைக் கொல்கிறவன் கதை என்று பதில் வருகிறது. தன் குடும்பக் கதையையே டிக்கெட் வாங்கிப் பார்க்கிறான் பாவி. பழைய ஃபுட்டேஜைத் திரும்பத் திரும்ப விற்கிறோம் என்பது எடுத்தவர்களுக்கே தெரியும் என்று காட்டும் இடம் அது. அதற்காகவே எனக்கு இந்தப் படம் பிடிக்கும்.

அப்புறம் அந்த வீதி. ஜெனிஃபரின் பழைய காதலனைக் கார் பேட்டரி வயரால் ஷாக் கொடுத்து முடிக்கிறான். அலறும் ஜெனிஃபரை, காரிலிருந்து பிடுங்கிய ஏரியலால். தடுக்க வந்த போலீஸ்காரரின் துப்பாக்கியை அவர் நெற்றிக்கே திருப்பிவிட்டு எடுத்துக்கொள்கிறான். வெள்ளை வேலி, ஒழுங்காக வெட்டிய புல், மத்தியான வெயில். கையில் துப்பாக்கியோடு காலை நடை போகிறவன் மாதிரி தெரு நடுவில் நடக்கிறான். ஒருவர் என்ன சத்தம் என்று வெளியே வருகிறார், டுமீல். இன்னொருவர் வீட்டுக் குப்பைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறார். அமெரிக்கப் புறநகரில் வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் குப்பை வண்டி வரும், அன்றைக்குத் தொட்டியைத் தெரு ஓரம் வைக்க வேண்டும். ரிக்கி அவரைப் பார்க்கிறான். புருவம் நெற்றி உச்சிக்கு ஏறுகிறது. “கார்பேஜ் டே!” என்று கத்துகிறான், சுடுகிறான். நம் பாஷையில் சொன்னால், “இன்னைக்குக் குப்பை வண்டி வர்ற நாள்!” அவ்வளவுதான் வசனம். அர்த்தம் ஒன்றும் இல்லை. அடுத்து மூன்று சக்கர சைக்கிளில் ஒரு சின்னப் பெண் எதிரே வர, அவளைத் தொடாமல் வழிவிடுகிறான். கார் ஒன்று வருகிறது, சுடுகிறான், அது குட்டிக்கரணம் அடித்துத் தீப்பிடிக்கிறது. மொத்தத் தயாரிப்பிலும் பெரிய செலவு அந்தக் கார் கவிழ்வதாகத்தான் இருக்க வேண்டும், பார்த்தாலே தெரிகிறது.

எரிக் ஃப்ரீமனின் நடிப்பைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு புருவ அசைவு. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் ஒரு வினாடி கூடுதலாகச் சிரிப்பார். மோசமான நடிப்பு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாற்பது நிமிஷம் இன்னொருவர் எடுத்த படத்துக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து வாயாலேயே படத்தைத் தாங்க வேண்டிய வேலை அவருக்கு. அடக்கி வாசித்திருந்தால் பார்ப்பவர் தூங்கியிருப்பார். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ஏன் சத்தமாகப் பேசுகிறான்? கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். இவருக்கும் அதே நிலைமை.

1987 ஏப்ரலில் படம் சில தியேட்டர்களில் வந்தது. கிறிஸ்துமஸ் படத்தை ஏப்ரலில் வெளியிட்ட அறிவை என்னவென்று சொல்வது! வசூல் சுமார் 1,54,000 டாலர். போட்ட காசே தியேட்டரில் வரவில்லை. கேசட்டில்தான் பிழைத்தது. பிறகு இருபது வருஷம் யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2000-களின் நடுவில் யூட்யூப் வந்தது. அந்தக் குப்பைத் தொட்டிக் காட்சியை யாரோ வெட்டி ஏற்றினார்கள். சில விநாடித் துண்டு, உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் ஃப்ரீமன் சினிமாவை விட்டே போயிருந்தார். எங்கே இருக்கிறார் என்று ரசிகர்கள் தேட ஆரம்பித்தார்கள். கடைசியில் அவரே வெளியே வந்து பேட்டி கொடுத்தார், ரசிகர் கூட்டங்களுக்கும் வந்தார். 2018-இல் படம் சுத்தம் செய்யப்பட்டு புளூரேவாக வந்தபோது கூடவே ரிக்கி பொம்மையும் விற்பனைக்கு வந்தது. பொம்மைக்கடைக் கொலைகாரனின் தம்பி பொம்மையாகிவிட்டான்.

ஒன்று கவனியுங்கள். அந்தத் துண்டு எந்தப் பாதியிலிருந்து வந்தது? தயாரிப்பாளர் கேட்ட பழைய பாதியிலிருந்து இல்லை. ஹாரி மன்றாடி வாங்கிய பத்து நாளிலிருந்து.

தொடரில் இதன் இடம் என்ன என்று கேட்டீர்கள். கதைப்படி பார்த்தால் இதுதான் பாலம். முதல் பாகக் கடைசியில் சின்ன ரிக்கி கோபமாகப் பார்த்துச் சொன்ன ஒற்றைச் சொல்லை எடுத்து ஒரு முழுக் கதாபாத்திரமாக்கியது இதுதான். இதில் அவன் தப்பித்து, சான்டா உடுப்பு மாட்டி, மதர் சுப்பீரியர் வீட்டுக்குப் போய்க் கணக்கை முடிக்கிறான். அண்ணன் ஆரம்பித்ததைத் தம்பி முடிக்கிறான். அதோடு இரண்டு பாகக் கதை உண்மையில் முடிந்துவிடுகிறது. மீதமுள்ளவை பெயரை மட்டும் சுமந்து போனவை.

1989-இல் மூன்றாம் பாகம் நேராகக் கேசட்டில் வந்தது. இயக்கியவர் மாண்டி ஹெல்மன். ‘டூ-லேன் பிளாக்டாப்’ எடுத்த அதே ஹெல்மன்தான், சினிமாப் பைத்தியங்கள் கையெடுத்துக் கும்பிடும் ஆள். அவருக்கு இந்த நிலைமை. அதில் ரிக்கியாக பில் மோஸ்லி, கோமாவில் கிடந்தவன், மண்டைக்கு மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம், உள்ளே மூளை மிதக்கும். படம் மந்தமாக நகரும். ஆனால் சாலை, இருட்டு, காத்திருப்பு இவற்றில் ஹெல்மனின் கை தெரியும். ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ படத்தில் பின்னாளில் வந்த லாரா ஹாரிங்கும் இதில் இருக்கிறார். நான்காம் பாகம், 1990. பிரையன் யூஸ்னா எடுத்தது. சான்டா கொலைகாரன் யாரும் இல்லை, சூனியக்காரிகளும் பூச்சிகளும்தான். ரிக்கி என்று ஒருவன் வருகிறான், பெயர் மட்டும். தனிப் படமாகப் பார்த்தால் மோசமில்லை. ஐந்தாம் பாகம், 1991. பொம்மை செய்கிறவராக மிக்கி ரூனி. 1984-இல் முதல் படத்தை எடுத்தவர்களைக் கடுமையாகத் திட்டி வெளிப்படையாகக் கண்டித்தவர்களில் அதே மிக்கி ரூனியும் ஒருவர்! ஏழு வருஷத்தில் அவரே அந்தத் தலைப்பின் கீழ் நடித்தார். 2012-இல் ஒரு மறு ஆக்கம், 2025 டிசம்பரில் இன்னொன்று. இரண்டும் முதல் பாகத்து வேரைப் பிடித்துப் புதிதாகத் தொடங்கியவை.

ஆக, இரண்டை விட்டு மூன்றுக்குப் போகலாமா? கதைக்கு ஒரு நஷ்டமும் வராது, மூன்றாம் பாகம் தேவையானதைத் தானே சொல்லிக்கொள்ளும். ஆனால் தொடரிலிருந்து ஒன்றே ஒன்று பார்ப்பேன் என்றால் நான் இதைத்தான் எடுத்துத் தருவேன், முதல் பாகத்தைக்கூட அல்ல. முதல் பாகத்தின் முக்கியக் கட்டங்கள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன, ஒன்றுக்குக் காசு கொடுத்தால் ஒன்றரை கிடைக்கும். அந்தக் காலத்துக் கேசட் கடையில் முதல் பாகம் கிடைக்காமல் இதை எடுத்துப் போனவனுக்கு அப்படித்தான் பயன்பட்டிருக்கும்.

நீங்கள் ஏமாந்ததாக உணர்ந்ததற்குக் காரணம், இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று வருஷ இடைவெளியில், நடுவில் முதல் பாகத்தைத் திரும்பப் பார்க்க வழியில்லாதவனுக்காக வெட்டிய படம் இது. முதல் பாகம் கொஞ்சம் மறக்கட்டும். அடுத்த டிசம்பரில் ஒரு ராத்திரி நண்பர்களோடு இரண்டாம் பாகத்தை மட்டும் போடுங்கள். தாயின் காட்சி வரும்போது தள்ளிவிடுங்கள், குடைக் காட்சிக்கு மட்டும் யாரையும் எழுந்துபோக விடாதீர்கள்.